பரதேசியும் அந்நியனும்: லேவியராகமம் 19ஐ நாம் வாசிக்கும் முறை

போரினால் இடம்பெயர்ந்தோர்க்குத் திருச்சபை ஆற்றும் உதவிப்பணியைப் பற்றிப் பேசும்போது நம் அருளுரைகள் பெரும்பாலும் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை நாடுகின்றன. நல்ல தெரிவுதான். ஆனால் அதனைப் பாதியிலேயே மூடிவிடுகிறோம் என்பதே என் குறைகூறல்.

திராட்சத்தோட்டத்தில் உதிர்ந்ததையும் எஞ்சியதையும் எளியவனுக்கும் வேற்றுநாட்டானுக்கும் விட்டுவிடும்படி 10ஆம் வசனம் பணிக்கிறது. அதே வேற்றுநாட்டானை நாட்டில் பிறந்தவனாகவே எண்ணி நேசிக்கும்படி 34ஆம் வசனம் பணிக்கிறது. எபிரேய மூலத்தில் இரண்டிடத்தும் வருவது ‘கேர்’ என்னும் ஒரே சொல். பவர் ஐயர் குழுவினரின் 1871ஆம் ஆண்டுத் திருப்புதலின் வழிவந்து நம் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்போ, முன்னதில் ‘பரதேசி’ என்றும் பின்னதில் ‘அந்நியன்’ என்றும் வழங்குகிறது. பிறதேசத்தான் என்பதே பரதேசியின் சொற்பொருளாதலின் மொழிபெயர்த்தோரைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் அச்சொல் இன்று இரந்துண்பவனையே குறிக்கிறது. தெருச்சண்டையில் வசையாகவும் ஆகிவிட்டது. ஆகவே தமிழ் வாசகன் செவியில், உதிரிப்பழம் பொறுக்குகிறவன் ஒருவன், நேசிக்கப்பட வேண்டியவன் வேறொருவன் என்றாகிறது.

இதன் விளைவை நான் கூடலூரில் கண்டேன். (இது குமுளி மலையடிவாரக் கூடலூர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி வந்த மலையகத் தமிழர் பலர் குடியேறிய நீலகிரிக் கூடலூரோடு இதனைக் குழப்புவோர் உண்டு.) ஆண்டு முழுவதும் திராட்சை அறுக்கப்படும் பள்ளத்தாக்கு இது. சில ஆண்டுகளுக்கு முன் அறுப்பின் பண்டிகையில், காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபின் விலைபோகாத பன்னீர் திராட்சையை இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றுக்கு எடுத்துச் சென்றோம். அதற்கு முன்பு நானே 10ஆம் வசனத்தின்மேல் அருளுரையாற்றியிருந்தேன். 1990இல் பத்து வயதுச் சிறுமியாக மண்டபத்தில் வந்திறங்கிய ஒரு தாய் பழத்தைப் பெற்றுக்கொண்டு, செவிலியர் படிப்பை முடித்த தம் மகள் அரசு மருத்துவமனை வேலைக்கு மனுச் செய்யலாமா என்று கேட்டார். “அவள் இங்கேயே பிறந்தவள்தானே, ஐயா?” என்றார். என் அருளுரையில் அதற்கு விடை இல்லை.

அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும். 1987 ஜூலை முதல் தேதிக்குப் பின் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைக் குறித்தது. இலங்கை அவற்றுள் இல்லை. ஏதிலியர் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவும் இல்லை. 1983 முதல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். 2021இலும் ஏறத்தாழ 58,000 பேர் முகாம்களில் இருந்தனர். அவ்வாண்டு தமிழக அரசு உதவித்தொகையை உயர்த்தி, புதிய வீடுகளை அறிவித்து, முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. வரவேற்கத்தக்கதே. எனினும் சோறும் கூரையும் ஒரு தலைமுறையைக் கடந்தும் உதவியாகவே நீடிக்குமானால், அது 10ஆம் வசனத்திலேயே நின்றுவிட்ட உதவியாகும்.

அந்த 10ஆம் வசனத்தையேனும் சரியாகக் கடைப்பிடித்தோமா? நியாயப்பிரமாணத்தில் தோட்டக்காரன் எதையும் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. வேற்றுநாட்டான் தானே உள்ளே வந்து, தன் உழைப்பால், தனக்குரியதை எடுத்துக்கொள்கிறான். பெயர்ப்பட்டியல் இல்லை, நிழற்படம் இல்லை, நன்றியுரை இல்லை. நாங்கள் மூன்றையும் வைத்திருந்தோம்! வாய்ப்பளிக்கப்பட்டால் அம்மக்கள் என்ன செய்வர் என்பதற்குச் சான்று தேடவேண்டியதில்லை. 1984இல் சந்திரகாசன் முன்னின்று தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஏதிலியராலேயே நடத்தப்பட்டது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் அதன் தொண்டர்கள் நாகப்பட்டினம் சென்று நம்மவர்க்குப் பணிவிடை செய்தனர்.

34ஆம் வசனம் காட்டும் காரணம் எகிப்தின் நினைவு. கூடலூரார் அவ்வளவு தொலைவு செல்லவேண்டியதில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது, இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் வேலைசெய்த தமிழர் பலர் அஞ்சி, குடும்பத்தோடு மலையிறங்கித் தேனி மாவட்டத்துக்கு வந்தனர். போர் அன்று, ஆனால் பிழைக்கப்போன மண்ணில் ஓரிரவில் அந்நியராவது எத்தகையது என்பதை இப்பகுதிச் சபையார் சிலர் அறிவர். அந்த நினைவை நாம் பீடத்திலிருந்து எழுப்புவதில்லை.

ரூத்தின் வரலாற்றிலும் இதே பிழையைச் செய்கிறோம். அறுப்பின் பண்டிகைக்கு 2ஆம் அதிகாரத்தை வாசித்து, போவாசின் தயாளத்தைப் புகழ்ந்து முடிக்கிறோம். 4ஆம் அதிகாரத்தில் அதே போவாஸ் நகரவாசலுக்குச் சென்று, மூப்பர் பத்துப் பேரை அமரச் செய்து, மோவாபியப் பெண்ணின் நிலையைச் சட்டப்படி உறுதிசெய்கிறான். அதன்பின் அவள் கதிர் பொறுக்குகிறவள் அல்லள். நம் நகரவாசல்கள் ஆட்சியர் அலுவலகமும், நீதிமன்றமும், சட்டமன்ற உறுப்பினரின் இல்லமுமே. வரும் பண்டிகைக்கு அருளுரை ஆயத்தம் செய்யும் மாணவர்கள் இரண்டு அதிகாரங்களையும் ஒன்றாக வாசித்துப் பார்க்கட்டும். லேவியராகமம் 19ஐ வாசிக்கையில், 10ஆம் வசனத்திலும் 34ஆம் வசனத்திலும் ஒரே சொல்லை வைத்து வாசிக்கட்டும்.