செங்குத்துப் பயணம் எல்லா ஏரிக்கும் பொருந்துமா?

விலங்கு மிதவையுயிர்கள் பகலில் ஆழத்திற்கு இறங்கி, இரவில் மேலே ஏறுகின்றன என்று உயிரியல் நூல்கள் கூறுகின்றன. அதற்கான காரணத்தையும் தருகின்றன: பகல் வெளிச்சத்தில் கண்ணால் கண்டு இரை பிடிக்கும் மீன்களிடமிருந்து தப்ப வேண்டும்; இரவில் மேல்நீரிலுள்ள பாசிகளை உண்ண வேண்டும்.

இவ்விளக்கத்திற்கு வலுவான சான்று உண்டு. போலந்து நாட்டு அறிஞர் கிளிவிச் 1986ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் டாட்ரா மலை ஏரிகளை ஒப்பிட்டு எழுதினார். மீனில்லாத ஏரிகளில் சைக்ளாப்ஸ் இவ்வாறு இறங்கி ஏறவில்லை. மீன்கள் நெடுங்காலமாக வாழும் ஏரிகளில் இப்பயணம் தெளிவாகப் புலப்பட்டது.

ஆனால், ஆழமான ஏரியின் படத்தை மட்டும் காட்டிப் பொது விதி கூறுவது குறைபாடே ஆகும். இரண்டு மூன்று மீட்டர் ஆழமே உள்ள தெளிந்த ஏரியில் வெளிச்சம் அடிவரை எட்டுகிறது. காற்று நீரை மேலும் கீழும் கலக்கிவிடுகிறது. அங்கே நீர்த்தெள்ளு எங்கே போய் ஒளியும்?

இக்கேள்விக்கு விடை தந்தது டிம்ஸ், மாஸ் ஆகியோரின் 1984ஆம் ஆண்டுக் கட்டுரை. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள ஆழமற்ற நீர்நிலைகளை அவர்கள் ஆராய்ந்தனர். அல்லிச் செடிகள் நிறைந்த இடத்தில் மீன்கள் இருந்தும் நீர் தெளிவாக இருந்தது. செடியற்ற திறந்த நீரில் பாசி மிகுந்திருந்தது. பகலில் அல்லிகளிடையே மறைந்த நீர்த்தெள்ளுகள் இரவில் வெளியே வந்து பாசியை உண்டன. அதாவது, இங்கு முதன்மையான பயணம் பக்கவாட்டில் நிகழ்கிறது. ஓர் உயிரின் ஒளிவிடத்தையும் ஏரியின் தெளிவையும் இணைத்துக் காட்டியதே இக்கட்டுரையின் சிறப்பு.

எனினும் இதையும் எங்கும் பொருத்திவிடலாகாது. மரியானா மீர்ஹாஃப் குழுவினர் டென்மார்க், உருகுவே நாடுகளின் ஆழமற்ற ஏரிகளில் செயற்கைச் செடிகளை அமைத்து ஆராய்ந்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். வெப்பம் மிகுந்த உருகுவேயில் சிறு மீன்களே செடிகளிடையே திரண்டிருந்தன. ஒளிவிடமே ஆபத்தான இடமாயிற்று!

இவ்வேறுபாட்டை அறியாவிட்டால் என்ன நேரும்? பகலில் ஏரியின் நடுவே மட்டும் வலை வீசுபவர் நீர்த்தெள்ளு குறைவென்று தவறாகக் கணக்கிடுவார். குளிர்நாட்டில் ஏரியை அழகுபடுத்தச் செடிகளை முற்றிலும் அகற்றுபவர், பாசியை உண்ணும் உயிர்களின் புகலிடத்தை அழித்து நீரைப் பச்சையாக்கக்கூடும். வெப்பநாட்டில் செடிகளை நட்டால் மட்டும் நீர் தெளியும் என்று நம்புபவரோ ஏமாறக்கூடும்.

ஆகவே, பாடநூல்கள் மேலும் கீழுமான அம்புக்குறிகளோடு நில்லாமல், பக்கவாட்டு அம்புக்குறியையும் வரைதல் வேண்டும். ஏரியின் ஆழம், செடி, மீன், வெப்பம் ஆகியவற்றை அதனருகே குறித்தலும் இன்றியமையாதது.