தாயில்லாப் பிள்ளையின் பாட்டு

1989 ஜூன் மாதம் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் நியூ ஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் கூடியிருந்தார்கள். அவர்கள் முன் சக்கர நாற்காலியில் அமர்ந்து பேசினார் ஒரு கறுப்பினத் துறவி, சகோதரி தியா போமன். வயது 51. எலும்பு வரை பரவிவிட்ட புற்றுநோய். அடுத்த மார்ச்சில் இறந்துபோனார்.

அந்த உரையின் ஒளிப்பதிவு கிடைக்கிறது. பார்த்தவர்கள் பெரும்பாலும் அதன் முடிவைத்தான் சொல்கிறார்கள்: ஆயர்கள் எழுந்து, கைகோத்து, அவரோடு சேர்ந்து பாடும் காட்சி. நெகிழவைக்கும் காட்சிதான். ஆனால் அந்த நெகிழ்ச்சியே உரையைச் சரியாகக் கேட்கவிடாமல் செய்கிறது என்று எனக்குப் படுகிறது.

தொடக்கத்தைப் பாருங்கள். கறுப்பராகவும் கத்தோலிக்கராகவும் இருப்பது என்றால் என்ன என்று பேச வந்தவர், பாடுகிறார். தாயில்லாப் பிள்ளையின் தவிப்பைச் சொல்லும் அடிமைக்காலப் பாடல் அது. பெற்ற பிள்ளைகள் சந்தையில் விலைபோன காலத்துப் பாடல். திருச்சபையைத் 'தாய்' என்றே அழைக்கும் மரபின் தலைவர்களைப் பார்த்து அதைப் பாடுவதில் பணிவு எங்கே இருக்கிறது? அந்தத் தாயும் பிள்ளைகளை விற்றவள். 1838இல் மேரிலாந்து இயேசு சபையினர் 272 பேரை விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. கன்னியர் மடங்களும் அடிமைகளை வைத்திருந்தன. அம்மடங்களின் கதவு தங்களுக்குத் திறக்காத நாளில்தான் கறுப்பினப் பெண்கள் 1829இல் பால்டிமோரிலும் 1842இல் நியூ ஆர்லியன்ஸிலும் தங்களுக்கென்று துறவற சபைகளைத் தொடங்கினார்கள். மிசிசிப்பியில் வளர்ந்த போமனோ, பதினைந்து வயதில் விஸ்கான்சினில் ஒரு வெள்ளையர் சபையில் சேர்ந்தார். அங்கே அவர் ஒருவர்தான் கறுப்பர்.

நிறவெறி பாவம் என்று ஆயர்கள் 1979லேயே மேய்ப்புப்பணி மடல் எழுதிவிட்டார்கள். 'பாவம்' என்பது அவர்களுடைய சொல். அதற்குரிய ஒழுங்கும் அவர்களுடையதே. மனம் வருந்தினால் மட்டும் போதாது. செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். மடல் வந்து பத்து ஆண்டு கழித்தும், சாகக் கிடக்கும் ஒரு பெண் வந்து அவர்களைச் சிரிக்கவைத்து, பாடவைத்துத்தான் தன் மக்களுக்கான இடத்தைக் கேட்க வேண்டியிருந்தது. அந்த மடலைப் பற்றி இதைவிடக் கடுமையான விமர்சனம் எனக்குத் தெரியவில்லை.

பாமாவின் 'கருக்கு' பாடமாக வரும் ஆண்டுகளில் இந்த ஒளிப்பதிவையும் வகுப்பில் போடுவேன். சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுவேன். பாமா மடத்தை விட்டு வெளியே வந்து எழுதினார். போமன் கடைசி வரை உள்ளே இருந்து பேசினார். எது சரி என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "இந்தம்மா ஏன் மேடம் சிரிச்சுக்கிட்டே இருக்காங்க? அவங்களுக்குக் கோபமே வராதா?" (போமன் இலக்கியப் பேராசிரியர், முனைவர். அவையை எப்படிக் கையாளுவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.) கோபம் எங்கே இருக்கிறது என்று காட்ட, அந்தக் கடைசிக் காட்சியைத் திரும்பப் போட்டேன்.

ஆயர்களை எழுந்து நிற்கச் சொல்கிறார். வலக்கையை இடக்கை மேல் குறுக்காகப் போட்டு, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிக்கச் சொல்கிறார். அப்படிப் பிடிக்க வேண்டுமானால் நெருங்கி வந்தாக வேண்டும் என்கிறார். ஏன் அப்படி? குடியுரிமைப் போராட்ட ஊர்வலங்களில் துப்பாக்கிக் குண்டும் கண்ணீர்ப் புகையும் நாய்களும் வரும்போது வரிசை அறுந்துவிடாமல் இருக்க அப்படித்தான் பிடித்துக்கொள்வார்கள். அதையும் விளக்கிவிட்டு, அந்த நாட்களில் குருக்களையும் ஆயர்களையும் எங்கே நிறுத்துவார்கள் என்று சிரித்தபடியே நினைவூட்டுகிறார்: ஊர்வலத்தின் முன்வரிசையில்.

அதற்குப் பிறகுதான் பாட்டு.