கடனாக வந்த நீதி

2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, ஐரோப்பிய ஒன்றியம் ஆகிய ஐந்து தரப்புகள் தென்னாப்பிரிக்காவுக்கு 850 கோடி டாலர் திரட்டித் தருவதாக அறிவித்தன. நிலக்கரியை விட்டு விலகும் நாட்டுக்கு, அந்த விலகலால் பிழைப்பை இழப்பவர்களையும் கைவிடாமல், பணக்கார நாடுகள் தோள்கொடுக்கும் ஏற்பாடு இது. 'நீதியான ஆற்றல் மாற்றக் கூட்டாண்மை' என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டிலேயே இந்தோனேசியாவுக்கு 2,000 கோடி, வியட்நாமுக்கு 1,550 கோடி டாலர் என இதே அச்சில் ஒப்பந்தங்கள் வந்தன. 2023இல் செனகலும் சேர்ந்தது. இந்தியாவுடன் பேச்சு எழுந்தது, கைகூடவில்லை. ஆகவே தென்னாப்பிரிக்க அனுபவத்தை எடைபோடுவது, ஒரு நாட்டின் கணக்கை மட்டும் பார்ப்பதாகாது.

முதலில் நிறைகள். வழக்கமான வெளிநாட்டு உதவி, ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த ஒரு சிறு திட்டத்தைத் தத்தெடுத்துக்கொள்வதாகவே இருந்துவந்தது. இங்கே ஐந்து தரப்புகளும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே சிக்கலைக் கையில் எடுத்தன. அது சிறிய சிக்கலும் அல்ல. தென்னாப்பிரிக்காவின் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் பெரும்பாலும் முபுமலாங்கா என்ற ஒரே மாகாணத்தில் குவிந்திருக்கின்றன. சுரங்கங்களில் மட்டும் சுமார் 90,000 பேர் வேலை செய்கிறார்கள். நாட்டிலோ வேலையின்மை 30 விழுக்காட்டைத் தாண்டியது.

திட்டத்தை வரைந்ததும் தென்னாப்பிரிக்காதான். 2022 நவம்பரில் அந்நாட்டு அரசு வெளியிட்ட முதலீட்டுத் திட்டம், 2023 முதல் 2027 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு 1.5 லட்சம் கோடி ரேண்ட், அதாவது சுமார் 9,800 கோடி டாலர் தேவை என்று கணக்குக் காட்டியது. மாற்றத்தின் விலை இதுதான் என்று ஒரு வளரும் நாடு வெளிப்படையாக எழுதிவைத்தது சாதாரணச் செய்தி அல்ல. தொழிற்சங்கம், தொழில்துறை, குடிமைச் சமூகம் எல்லாவற்றுக்கும் இடமளிக்கும் குடியரசுத் தலைவரின் பருவநிலை ஆணையமும் அங்கே இயங்குகிறது.

ஆனால் அந்தக் கணக்கே குறையையும் காட்டிக்கொடுக்கிறது. வாக்குறுதி தந்த தொகை தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைவிட முக்கியமானது, அந்தத் தொகைக்குள் என்ன இருக்கிறது என்பது. 850 கோடி டாலரில் மானியம் சுமார் 33 கோடி, நூற்றுக்கு நான்கு. ஏறக்குறைய 530 கோடி சலுகைக் கடன். எஞ்சியது வணிகக் கடனும் உத்தரவாதங்களும்.

கடன் என்பதாலேயே அது பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. 2022இல் பிரான்சும் ஜெர்மனியும் தலா 30 கோடி யூரோவைச் சந்தை வட்டியைவிடக் குறைவான வட்டிக்குக் கொடுத்தன. ரேண்டின் மதிப்பு சரிந்தால் சுமை கூடும் என்ற ஆபத்து இருந்தாலும் அதில் லாபம் உண்டு. அரசு மின் நிறுவனமான எஸ்காம் சுமார் 40,000 கோடி ரேண்ட் கடனில் தத்தளித்து, அதில் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டிவந்த காலம் அது. சூரிய மின் நிலையத்துக்குக் கடன் பொருந்தும். விற்ற மின்சாரம் வட்டியைக் கட்டும். மின்தடத்துக்கும் பொருந்தும். மூடப்பட்ட நிலையத்தில் சாம்பல் அள்ளிய ஒப்பந்தத் தொழிலாளிக்கு மறுபயிற்சி தருவதும், அவர் குடும்பத்தை இடைக்காலத்தில் தாங்குவதும் எந்த வருமானத்தையும் ஈட்டாது. அந்தச் செலவுக்கு மானியம் ஒன்றே வழி. ஒப்பந்தத்தின் பெயரில் 'நீதி' முதலில் நிற்கிறது. பணத்திலோ அந்த நான்கு விழுக்காட்டிலும் ஒரு பகுதிதான் அதற்கு.

இதன் விளைவு எப்படியிருக்கும் என்பதற்குக் கோமாட்டி சான்று. 1961இல் இயங்கத் தொடங்கிய அந்த அனல்மின் நிலையத்தின் கடைசி அலகு 2022 அக்டோபர் 31 அன்று நிறுத்தப்பட்டது. இதை வெளிநாட்டு நெருக்கடியின் பலி என்று சொல்வது நியாயமாகாது. நிலையம் ஆயுளை முடித்திருந்தது, ஒரே ஒரு அலகுதான் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே சூரிய ஒளி, காற்றாலை, மின்கல அமைப்பு நிறுவ உலக வங்கி தனியே 49.7 கோடி டாலருக்கு ஒப்புதல் அளித்தது. அதிலும் மானியம் வெறும் 1 கோடி.

எஸ்காமின் நிரந்தர ஊழியர்களுக்கு வேறு நிலையங்களில் இடம் கிடைத்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும், நிலையத்தை நம்பிக் கடை வைத்திருந்தவர்களுக்கும் அந்தக் காப்பு இல்லை. உலை அணைந்தது முதலில். மாற்று வேலை பிறகு வரும் என்றார்கள். மூடும் முடிவில் தவறில்லை, சமூகத் தயாரிப்பு மிகத் தாமதமாகத் தொடங்கியதே தவறு என்ற பொருளில் பருவநிலை ஆணையமும் சுட்டிக்காட்டியது. 2023இல் 300 நாட்களுக்கு மேல் மின்வெட்டில் தவித்த நாட்டில், கோமாட்டி அரசியல்வாதிகளின் வாயில் எச்சரிக்கைக் கதையாக மாறியது. பிற பழைய நிலையங்களின் மூடல் 2030 வரை தள்ளிப்போனது. தொழிலாளர் நலனில் மிச்சம்பிடித்த பணம், கார்பன் குறைப்பில் பல ஆண்டு இழப்பாகத் திரும்பியது.

நிலவியலும் ஒத்துழைக்கவில்லை. நல்ல வெயில் வடக்கு கேப்பில். நல்ல காற்று மேற்கு, கிழக்கு கேப் கரைகளில். வேலை இழப்போ நாட்டின் மறுகோடியில் உள்ள முபுமலாங்காவில். பசுமை வேலைகளின் மொத்த எண்ணிக்கை கூடினாலும், அவை இழந்தவர் வாசலுக்கு வந்துசேரா.

கொடுப்பவர்களின் நாணயமும் கேள்விக்குரியது. உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய நிலக்கரியை விலக்கிய ஐரோப்பா, 2022இல் தென்னாப்பிரிக்க நிலக்கரியைப் பன்மடங்கு அதிகமாக வாங்கியது. மூடச் சொன்னவர்களே வாங்கவும் செய்தால், முபுமலாங்காவின் சுரங்கத் தொழிலாளி எதை நம்புவார்? 2025 மார்ச்சில் அமெரிக்கா ஒப்பந்தத்திலிருந்தே விலகியது. இன்னொரு நாட்டின் தேர்தல் முடிவில் தொங்கும் வாக்குறுதியை நம்பி எந்த அரசும் ஒரு மின் நிலையத்தை மூட முடியாது.

இந்த முறையைத் தூக்கியெறியக் காரணம் இல்லை. ஒரே மேசை, உள்நாட்டுத் திட்டம், வெளிப்படையான கணக்கு மூன்றும் காக்க வேண்டியவை. மாற வேண்டியது பணத்தின் பங்கீடும் வரிசையும். வருமானம் ஈட்டுவதற்குக் கடன், மனிதர்களைத் தாங்குவதற்கு மானியம் என்று ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுத வேண்டும். அந்த மானியம் உலை அணைவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பாதியில் திரும்பப் பெற முடியாத வடிவில், மாகாணத்துக்கு வந்துசேர வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஒப்பந்தம் மின்துறைக்கான கடன் ஏற்பாடாக இருக்கலாம். அதற்கு நீதி என்று பெயர் சூட்டும் தகுதி இல்லை.