9 நிமிஷ சோகம்

வானொலி ஒரு நவீன இசையமைப்பாளரை லட்சக்கணக்கானவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்குமா? சேர்த்தது. ஆனால், எவ்வளவு பாக்கி வைத்துவிட்டது என்று பாருங்கள்.

போலந்தின் ஹென்ரிக் கோரெட்ஸ்கி தன் மூன்றாவது சிம்பொனியை எழுதியது 1976-ல். மறு வருஷம் பிரான்ஸில் ஒரு நவீன இசை விழாவில் அரங்கேறியபோது விமரிசகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ரொம்ப எளிமையாம். அப்புறம் 15 வருஷம், விஷயம் தெரிந்த சிலருக்குள்ளேயே இருந்தது.

1992-ல் டான் அப்ஷா பாடி, டேவிட் ஸின்மன் நடத்திய ஸிடி வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் பிரிட்டனில் க்ளாஸிக் எஃப்.எம். என்ற தனியார் வானொலி ஆரம்பித்தது. சிம்பொனியின் இரண்டாம் பகுதியை அடிக்கடி போட்டார்கள். ஜனங்கள் கடைக்கு ஓடினார்கள். பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில், பாப் பாடகர்களுக்கு நடுவே 6-வது இடம். மொத்தத்தில் 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

சந்தோஷம்தான். ஆனால் வானொலியில் அதிகம் ஒலித்த அந்தப் பகுதி சுமார் 9 நிமிஷம். முழு சிம்பொனி ஏறக்குறைய 54.

என்ன நஷ்டம் என்கிறீர்களா? முதல் பகுதி, டபுள் பேஸ்களில் காதுக்கு எட்டுமோ எட்டாதோ என்று ஆரம்பிக்கிறது. ஒரே மெட்டை ஒவ்வொரு தந்தி வாத்தியமாகப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகின்றன. பத்து நிமிஷத்துக்கும் மேல் காக்கவைத்துத்தான் குரல் வருகிறது. சாகும் மகனிடம் மரியாள் பேசுகிறாள். இரண்டாம் பகுதியின் வரிகள், கெஸ்டபோ சிறைச் சுவரில் 18 வயதுப் பெண் ஒருத்தி எழுதிவைத்தவை. அவள் அம்மாவை அழவேண்டாம் என்கிறாள். மூன்றாவதில் ஒரு தாய் செத்துப்போன பிள்ளையைத் தேடுகிறாள். அம்மா, மகள், மறுபடி அம்மா. நடுவில் இருப்பதை மட்டும் நறுக்கிப் போட்டால், இரண்டு தாய்களும் காணாமல் போகிறார்கள். மிஞ்சுவது அழகான ஒரு சோகம். சமைக்கும்போதும் கார் ஓட்டும்போதும் ஒத்தாசையாக இருக்கும்.

இன்னொன்று. இதே கோரெட்ஸ்கி 1960-ல் வார்ஸா விழாவில் 'ஸ்கோன்ட்ரி' என்ற படைப்பால் அரங்கத்தை அதிரவைத்தவர். மோதல்கள் என்று அர்த்தம். கேட்டால் தெரியும், பொருத்தமான பெயர். காலை நேரத்தில் அதைப் போட எந்த நிலையத்துக்குத் தைரியம் வரும்? நவீன இசையில் நவீனமாக இல்லாததை மட்டும் பொறுக்கியெடுப்பது வியாபாரத்துக்கு நல்லது. காதுக்கு?

1918-ல் வியன்னாவில் ஷோன்பெர்க் ஒரு சங்கம் தொடங்கினார். புது இசையைக் கேட்பதற்கென்றே. கைதட்டக்கூடாது, கூச்சலும் போடக்கூடாது. என்ன வாசிக்கப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். முக்கியமாக, கடினமான படைப்புகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். புது இசை முதல் தடவை பிடிபடாது என்று அவருக்குத் தெரியும்.

யோசித்தால் வானொலி அந்தச் சங்கம்தான். நீங்கள் கைதட்டினாலும் திட்டினாலும் வாசிப்பவருக்குக் கேட்காது. திரும்பப் போடுவதும் சுலபம். க்ளாஸிக் எஃப்.எம். காட்டியதே அதைத்தானே? பழகப் பழகப் பிடித்துப்போகும். பழக்கியது 9 நிமிஷத்துக்கு மட்டும் என்பதுதான் என் புகார்.

மிச்ச 45 நிமிஷத்தை நீங்களே கேட்டுப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி. முதலில் ஒன்றுமே கேட்காது. ரிப்பேர் என்று நினைத்து எழுந்துவிடாதீர்கள்.