பதினாறோடு நின்ற தொடர்

ஹிதேயாகி அன்னோ இயக்கிய 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' என்னும் ஜப்பானிய அனிமே தொடர் 1995 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை 26 பகுதிகளாக வெளிவந்தது. அதனைப் போற்றாத திறனாய்வாளர் அரியர். ஆயினும் 16ஆம் பகுதியோடு நான் அதைக் கைவிட்டேன்.

கற்பனையில் குறையில்லை. பல்லாண்டுகள் ஒதுக்கிவைத்த மகனைத் தந்தை கெண்டோ வரவழைப்பது அன்பினாலன்று. பேரியந்திரத்தில் ஏறிப் போரிட ஆள் வேண்டுமே! பதினான்கு வயது ஷிஞ்சி மறுக்கிறான். உடனே காயக்கட்டுகளோடு ரெய் என்னும் சிறுமியைச் சக்கரக் கட்டிலில் கொணர்கிறார்கள். அவளைக் கண்டு அவன் இசைகிறான். இவ்வொரு காட்சிக்கே இயக்குநரை வணங்கலாம்.

அதன்பின் ஷிஞ்சி தன்னிரக்கத்தில் ஆழ்கிறான், மன்னிப்புக் கேட்கிறான், மீண்டும் ஆழ்கிறான். எட்டாம் பகுதியில் வந்துசேரும் அஸுகாவின் பேச்செல்லாம் பெரும்பாலும் ஏச்சு. மனப்புண்ணைக் காட்டவே இவ்வாறு படைத்தார் என்பர் அன்பர். இருக்கட்டும். இசாவோ தகஹாதாவின் 'மின்மினிகளின் கல்லறை' (1988) படத்துச் சேய்தாவும் குறையுள்ளவன்தான். உறவினர் வீட்டைத் துறக்கும் அவன் செருக்கே தங்கையைப் பட்டினியில் தள்ளுகிறது. எனினும் மிட்டாய் தீர்ந்த டப்பாவில் நீரூற்றி, எஞ்சிய இனிப்பை அவளுக்குப் பருகத் தருகிறானே, அவனை எவ்வாறு வெறுப்பது? ஷிஞ்சியும் ஆறாம் பகுதியில் கொதிக்கும் கதவைத் திறந்து ரெய்யை மீட்கிறான். ஆனால் போர் முடிந்ததும் அவ்வன்பும் முடிந்துவிடுகிறது.

எஞ்சிய பத்தையும் என் மகன் பார்த்துவிட்டான். முடிவைக் கூற வந்தவனை வேண்டாமென்று தடுத்துவிட்டேன்.