பழைய கிளெப்பருக்குப் புதுத் தோல்: ஹைப்பலான் பூச்சு தேறுமா?

ஜெர்மனியின் ரோசன்ஹைம் நகரில் உருவான கிளெப்பர் ஏரியஸ் 2, இருவர் அமர்ந்து செல்லும் மடக்கு கயாக். 1956இல் ஹான்னெஸ் லிண்டெமான் தனியாளாக அட்லாண்டிக்கை 72 நாளில் கடந்தது இந்த ரகப் படகில்தான். மரச்சட்டகத்துக்கு அவ்வப்போது வார்னிஷ் அடித்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும். முதலில் தளர்வது அடித்தோல். துணிமேல் ஏற்றிய ரப்பர், உள்ளே சட்டங்கள் அழுத்தும் கோடுகளில் தேய்ந்து, இழை வெளியே தெரியத் தொடங்கும்.

அதற்கு மருந்தாகக் கிடைப்பது திரவ ஹைப்பலான். ரப்பர் கரைசல் ஒரு டப்பா, ஹார்டனர் ஒரு டப்பா. கலந்த பின் சில மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும்.

பூசுவது எளிது, தயாரிப்பில்தான் முதுகு ஒடிகிறது. படகை முழுதாகப் பூட்டி, பக்கவாட்டுக் காற்றுக் குழாய்களை ஊதி, தோல் விறைப்பாக நிற்கும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, டொலுயீனால் துடைக்க வேண்டும். முன்பு சிலிக்கோன் பாலிஷ் போட்டிருந்தால் பூச்சு பிடிக்காது. அதை முழுக்க எடுத்தே ஆக வேண்டும். டொலுயீன் ஆவி தலையைச் சுற்றவைக்கும். திறந்த வெளியும் ஆவி வடிகட்டும் முகமூடியும் கட்டாயம்.

ரோலரில் மெல்லிய பூச்சாகப் பல முறை ஓட்டினால் சீராகப் படிகிறது. தடியாக அடித்தால் வழிந்து, குமிழ் விடுகிறது. நன்கு காய்ந்த பின் டால்கம் பவுடர் தூவியே மடிக்க வேண்டும். இல்லையேல் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டும். சாதாரண பெயிண்ட் மடிப்பில் வெடிக்கும்; இது ரப்பராகவே வளைந்து கொடுக்கிறது.

பலம்: நுண்கசிவு நிற்கிறது, இழை மறைகிறது, நிறம் ஒரே சீராகிறது.

பலவீனம்: படகின் எடை கூடுகிறது. கரையில் கல்லில் உரசினால் பூச்சுதான் முதலில் போகும். அடிக்கோட்டுக்குத் தனியாக ரப்பர் பட்டை ஒட்டுவதே சரி. அதையும் பூசுவதற்கு முன்பே, பழைய ரப்பரின்மேல் நேரடியாக ஒட்ட வேண்டும். பூச்சின்மேல் ஒட்டினால், பூச்சு உரியும்போது பட்டையும் கூடவே வரும்.

பூச்சை வாங்குமுன் ஒரு சோதனை: இருட்டில் படகுக்குள் விளக்கை வைத்துப் பாருங்கள். ஊசிமுனைப் புள்ளிகளாக மட்டும் ஒளி கசிந்தால் பூச்சு போதும். தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தும்போதே துணி இற்றுப் பிரிந்தால், டப்பாவுக்குச் செலவழிக்காதீர்கள். பூச்சு நீரைத் தடுக்கும். பாரத்தைத் தாங்குவது துணிதான். அந்தக் காசைப் புதுத் தோலுக்குச் சேர்த்து வையுங்கள்.