ரயன்ஏரின் சிக்கன சாஸ்திரம்

1985-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டுக்கும் லண்டன் காட்விக்குக்கும் இடையே 15 ஆசனங்கள் கொண்ட சிறு விமானத்தோடு தொழில் தொடங்கி, முதல் சில வருஷங்களை நஷ்டத்திலேயே கழித்து, பின்னர் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் கம்பெனியின் முறைகளைப் பயின்று தலையெடுத்த ரயன்ஏர், இன்று ஆண்டுக்கு 20 கோடிப் பிரயாணிகளை ஏற்றிச் செல்கிறது. மலிவான கட்டணமே இதற்குக் காரணம் என்பது பொதுவான அபிப்பிராயம். கட்டணத்தைக் குறைக்க யாராலும் முடியும். குறைத்தபின் லாபம் காண்பதல்லவா வித்தை!

அந்த வித்தையின் உயிர்நாடி 25 நிமிஷம். தரையிறங்கிய விமானம் ஒரு கூட்டத்தை இறக்கி, மறு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு புறப்படுவதற்கு அந்நிறுவனம் வகுத்த அவகாசம் அவ்வளவே. ஆசனம் பின்னால் சாயாது. எதிரே பை கிடையாது. ஆபத்துக்கால அறிவுரைகள் முன்னாசனத்தின் முதுகிலேயே ஒட்டப்பட்டிருக்கும். கஞ்சத்தனம் என்று முகஞ்சுளிப்போர் உண்டு. ஆனால் பையில்லாத ஆசனத்தில் குப்பை சேராது, சேராத குப்பையை அள்ள நேரம் செலவாகாது, மிச்சமான நேரத்தில் விமானம் மீண்டும் பறந்து பணம் ஈட்டும் என்று கணக்கிட்ட மூளையை மெச்சாமலிருக்க முடியவில்லை. பெரும்பாலும் போயிங் 737 என்ற ஒரே ரகத்தை வைத்துக்கொண்டதால் விமானிகளின் பயிற்சிச் செலவும் உதிரிப்பாகச் செலவும் குறைந்தன. 2001 செப்டம்பர் தாக்குதலால் பிற கம்பெனிகள் பீதியுற்றிருக்க, 2002 ஜனவரியில் 100 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்த ரயன்ஏர் தலைமை நிர்வாகி மைக்கேல் ஓ'லியரியின் துணிச்சலும் சாமானியமானதன்று.

பிரயாணியின் பக்கம் நின்று பார்த்தால் சித்திரம் சற்று மாறும். பிராங்க்பர்ட்டின் பெயரைச் சூடிய ஹான் விமான நிலையம் அந்நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது; டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கைப் பஸ்காரர் வாங்கிக்கொள்வார். பெட்டிக்கும் விரும்பிய ஆசனத்துக்கும் தனித்தனியே காசு; நிறுவனத்தின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இத்தகைய உபரி வசூல்தான். ஆயினும் தெரிந்தே வாங்குகிறவர்கள் இருக்கையில் இதைப் பெருங்குற்றமாக நான் கருதவில்லை.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. யந்திரத்தைப் பிழிந்த அதே கையால் மனிதரையும் பிழியப் புகுந்ததுதான் அது. 2017 செப்டம்பரில் விமானிகளின் விடுமுறைக் கணக்கு குளறுபடியானபோது, மாற்று ஆள் போதாமல், முதலில் சுமார் 2,000 பயணங்களையும் பின்னர் அதைவிடப் பன்மடங்கையும் ரத்து செய்ய நேர்ந்தது. அந்த நெருக்கடியில்தான், முப்பதாண்டுகளாகத் தொழிற்சங்கம் என்ற பேச்சையே காதில் போட்டுக்கொள்ளாத நிர்வாகம், கிறிஸ்துமஸ் வேலைநிறுத்தம் வாசலில் நின்றபோது, டிசம்பரில் சங்கங்களை அங்கீகரிக்க இசைந்தது. விமானத்தின் ஓய்வைக் குறைத்தால் லாபம். விமானியின் மனம் கசந்தால் அவன் போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுவான் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இருக்கவில்லை.

ஒரே ரகத்தை நம்பியதற்கும் விலை உண்டு. 737 மேக்ஸ் விமானங்கள் 2019-இல் தரையில் நிறுத்தப்பட்டதும், பின்னரும் போயிங்கின் தாமதங்கள் தொடர்ந்ததும் ரயன்ஏரின் விஸ்தரிப்பைப் பாதித்தன. ஓ'லியரி போயிங் நிர்வாகத்தைப் பகிரங்கமாக ஏசித் தீர்த்தார்; 2023 மே மாதத்தில், பறக்கும் அனுமதியே அப்போது பெற்றிராத மேக்ஸ்-10 ரகத்தில் 300 விமானங்கள் வரை வாங்குவதற்கு அதே போயிங்கிடம் ஒப்பந்தம் செய்துகொண்டார்.